கெண்டிக் கதை

தேநீர்க் கெண்டியின் மூடி துள்ளுவதைச் சிறுவன் ஜேம்ஸ் வாட் பார்த்தானாம். நீராவி யந்திரம் பிறந்துவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் நானும் இதை உருப்போட்டு ஒப்பித்தவன்தான். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இப்போது சொல்கிறேன்: உண்மைக்கு விரோதம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கதையாகவே இது மட்டம்.

வாட் பிறந்தது 1736-ல். அதற்கு 24 வருஷம் முன்பே, தாமஸ் நியூகோமன் என்ற இரும்பு வியாபாரியின் நீராவி யந்திரம் இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக் கொண்டிருந்தது. கெண்டிக் கதையில் அந்த மனிதருக்கு இடமே இல்லை.

நடந்தது இது. 1763-64 குளிர்காலத்தில், கிளாஸ்கோ சர்வகலாசாலையிலிருந்த நியூகோமன் யந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுது பார்க்க வாட்டிடம் வந்தது. சில தடவை ஏறி இறங்கும், நின்றுவிடும். காரணம், ஆவியைக் குளிர்விக்க ஸிலிண்டருக்குள்ளேயே தண்ணீரைப் பீச்சினார்கள். ஒவ்வொரு தடவையும் ஸிலிண்டர் ஆறிப்போகும். அதை மறுபடி சூடாக்குவதிலேயே ஆவியில் பெரும்பகுதி வீண். 1765-ல் வழி தோன்றியது: ஆவியை வேறொரு பாத்திரத்துக்குக் கொண்டுபோய்க் குளிர வைத்தால் ஸிலிண்டர் சூடாகவே இருக்குமே!

யோசனை வந்தால் போதுமா? ஆவி கசியாத ஸிலிண்டர் கிடைக்கவில்லை. இடையில் பங்காளி நொடித்துப் போனார். 1773-ல் மனைவி காலமானாள். பீரங்கி குடைகிற ஜான் வில்கின்ஸன் பிசகில்லாமல் ஸிலிண்டர் குடைந்து கொடுத்த பிறகு, 1776-ல்தான் யந்திரங்கள் வேலைக்கு வந்தன. பதினொரு வருஷம்! நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பாடப் புத்தகக்காரருக்கு மூடி துள்ளினால் போதும்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவரான பிறகு, ஆவியைச் சோதிக்க வாட் கெண்டியை உபயோகித்தது உண்டு. ஆனால் அது வேறு கெண்டி.