உமினேகோ தொடரின் இறுதிப் பகுதி: விடை மறுப்பும் வாசகர் எதிர்ப்பும்

முன்னுரை

தொடராக வெளிவரும் கதையின் இறுதிப் பகுதிக்கு ஏனைய பகுதிகளுக்கு இல்லாத ஒரு பொறுப்பு உண்டு. முன்னைய பகுதிகள் எழுப்பிய எதிர்பார்ப்பு முழுவதும் அதன்மேல் வந்து நிற்கிறது. துப்பறியும் கதையில் இப்பொறுப்பு இன்னும் கடுமையானது. அங்கு முடிவு என்பது விடை என்றே பொருள்படும். விடை கூறாது முடியும் துப்பறியும் கதை தன் வகைக்குரிய மரபை மீறியதாகவே கருதப்படும். ஜப்பானில் 2007 முதல் 2010 வரை வெளிவந்த 'உமினேகோ நோ நாகு கோரோ நி' என்னும் காட்சிப் புதினத் தொடர் இம்மீறலை அறிந்தே செய்தது. கடற்காகங்கள் கூவும் காலம் என்பது அப்பெயரின் பொருள். அதன் எட்டாம் பகுதி விளையாடியோரை இரு சாராராகப் பிரித்தது. அவ்விரு சாராரின் கருத்துகளையும் படைப்பின் அகச்சான்றுகளோடு ஒப்பிட்டு மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

1. வகையும் தொடரும்

காட்சிப் புதினம் என்பது படம், இசை, ஒலி ஆகியவற்றின் துணையோடு கணினித் திரையில் படிக்கப்படும் கதை. இவ்வகைப் படைப்புகள் பலவற்றில் படிப்பவர் இடையிடையே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க, அதற்கேற்பக் கதை கிளைவிடும். உமினேகோவின் முதல் ஏழு பகுதிகளில் இத்தகைய தேர்வு இல்லை. அவற்றில் விளையாட்டு என்பது சிந்தித்தல் ஒன்றே. ரியூகிஷி 07 என்னும் புனைபெயருடைய ஆசிரியரின் '07த் எக்ஸ்பேன்ஷன்' குழு இத்தொடரை வெளியிட்டது. தோக்கியோவில் ஆண்டுக்கு இருமுறை கூடும் காமிக் மார்க்கெட் விற்பனையில் அரையாண்டுக்கு ஒன்றாக எட்டுப் பகுதிகள் வெளிவந்தன. முதற்பகுதி 2007 ஆகஸ்டிலும் இறுதிப் பகுதி 2010 டிசம்பரிலும் விற்பனைக்கு வந்தன.

கதைக்களம் ரொக்கென்ஜிமா என்னும் கற்பனைத் தீவு. 1986 அக்டோபர் 4, 5 ஆகிய இரு நாள்களில் புயலால் தனிமைப்பட்ட அத்தீவில் உஷிரோமியா குடும்பத்தாரும் பணியாளரும் ஒருவர்பின் ஒருவராக மாள்கின்றனர். கொன்றவள் பெயாத்ரிச்சே என்னும் சூனியக்காரியா, மனிதரா என்பதே வினா. மனிதரே என நிறுவ முயல்பவன் பேட்லர். அவனுடைய தங்கை எஞ்ஜே அப்போது ஆறு வயதுச் சிறுமி. அவள் தீவுக்குச் செல்லாததால் உயிர் பிழைத்தவள்.

2. ஆசிரியர் செய்துகொண்ட உடன்படிக்கை

இறுதிப் பகுதிமீது எழுந்த சினத்தை விளங்கிக்கொள்ள, அதற்கு முன் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். இரண்டாம் பகுதியில் 'சிவப்பு உண்மை' என்னும் விதி அறிமுகமாகிறது. சிவப்பு எழுத்தில் கூறப்படுவது மெய்; அதற்குச் சான்று காட்ட வேண்டுவதில்லை. இதனை எதிர்க்கும் கருதுகோள்கள் நீல எழுத்தில் முன்வைக்கப்படுகின்றன. ஐந்தாம் பகுதி, ரொனால்டு நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்துக் கட்டளைகளை ஒரு பாத்திரமாகவே உருவாக்கி வழக்காடச் செய்கிறது. ஏழாம் பகுதியில் வரும் வில்லர்டு, 1928-இல் இருபது விதிகள் வகுத்த வான் டைனின் இயற்பெயரைத் தாங்கியவன்.

இவையனைத்தும் படிப்பவரை நோக்கி, 'விதிகள் உள. நேர்மையான ஆட்டம் நடைபெறுகிறது. சிந்தித்தால் விடை காணலாம்' என்று உறுதியளிப்பனவாகும். அவ்வுறுதியை நம்பியோர் மூன்றாண்டுகளுக்கு மேலாகக் குறிப்பெடுத்து, கருதுகோள் வகுத்து, தம்முள் வாதிட்டனர். எனவே அவர்கள் விடையை எதிர்பார்த்தது வெறும் ஆவலன்று. உழைத்தவர் கேட்கும் கணக்கு.

3. குறை கூறுவோர் கருத்து

எட்டாம் பகுதி அக்கணக்கை நேரடியாகத் தீர்க்கவில்லை. 1998-இல் இளம்பெண்ணாக நிற்கும் எஞ்ஜேக்காக பேட்லர் ஒரு கதை சொல்கிறான். அக்கதையில் அவள் மீண்டும் ஆறு வயதுச் சிறுமி. உஷிரோமியா குடும்பத்தார் அன்புடையோராக விருந்தில் மகிழ்கின்றனர். தீவிலிருந்து உயிரோடு மீண்ட எவா எழுதிய நாட்குறிப்பில் உண்மை அடங்கியுள்ளது. அதனைப் படிக்கும் வாய்ப்பு எஞ்ஜேக்குக் கிடைக்கிறது. அதன் வாசகம் விளையாடுபவருக்குக் காட்டப்படுவதில்லை. 

இதன்மீது கூறப்பட்ட குறைகள் மூன்று. ஒன்று, கொலையாளியும் கொலைமுறையும் வெளிப்படையாக உரைக்கப்படவில்லை. இரண்டு, வளர்ந்த ஒருத்தியிடமிருந்து அவள் குடும்பத்தின் உண்மையை மறைக்க முயல்வது அன்பு எனப் போற்றப்படுகிறது. மூன்று, விருந்தைச் சூறையாட வரும் ஆட்டுத்தலைக் கூட்டம். அவ்வாடுகள் ஆளுக்கொரு கருதுகோளைக் கூவிக்கொண்டு வருகின்றன. அவற்றில் தம் உருவத்தையே கண்ட வாசகர், ஆசிரியர் தம்மை இழித்துரைத்தார் எனச் சினந்தனர்.

4. ஏற்போர் கருத்து

மறுசாரார் விடை இல்லை என்பதையே ஏற்கவில்லை. ஏழாம் பகுதியில் வில்லர்டு முதல் நான்கு பகுதிகளின் கொலைகளுக்கும் மறைமொழி போன்ற சுருங்கிய தொடர்களில் விடையளிக்கிறான். குற்றத்தின் வேர் அமைந்த வாழ்க்கை வரலாறும் அங்கேயே கதையாக விரிகிறது. ஆகவே விடை தரப்பட்டுவிட்டது. விளக்கவுரையே தரப்படவில்லை என்பது அவர்தம் வாதம்.

இவ்விடத்துத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எச்சம் என்னும் உறுப்பு நினைக்கத்தக்கது. செய்யுளில் கூறாதுவிட்ட பொருள், சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு பெறுவது எச்சம். குறிப்பெச்சத்தை நிறைவு செய்பவர் கேட்போரே. அவ்வாறு நிறைவு செய்ய இயலுமாறு போதிய குறிப்பு அமைந்திருக்குமாயின் அது குறையாகாது. அமையாவிடின் அது எச்சமன்று, வெறும் இடைவெளி. உமினேகோவில் குற்றவாளி யார் என்பதும் முதல் நான்கு பகுதிகளின் கொலைமுறையும் முன்னதன்பாற்படும். 1986-இல் தீவில் மெய்யாகவே நிகழ்ந்தது என்ன என்பதோ பின்னதற்கு மிக அருகில் நிற்கிறது. ஏழாம் பகுதியின் இறுதியில் எஞ்ஜேயின் பெற்றோரே கொலைஞராகக் காட்டப்படுகின்றனர். அதனை ஏற்பதா மறுப்பதா என்பதற்கு உறுதியான சான்றில்லை. ஆதலின் முதற்குறை பாதியளவே பொருந்தும்.

5. மதிப்பீடு

இரண்டாம் குறைக்குப் படைப்பின் இறுதியே விடை கூறுகிறது. பெயாத்ரிச்சே எஞ்ஜேயின் முன் மிட்டாய் ஒன்றைக் கொண்டு சிறு வித்தை செய்கிறாள். அது மந்திரமா, கைவேலையா என்று விளையாடுபவர் தேர்ந்தெடுக்க வேண்டும். கைவேலை என்றால், எவரையும் நம்பாத எஞ்ஜே படகில் உடன்வந்தோரைச் சுட்டுக் கொல்கிறாள். மந்திரம் என்றால், அவள் சிறுவர்க்குக் கதை எழுதுபவளாகி, பல ஆண்டுகளுக்குப் பின், நினைவிழந்து வேறு பெயரில் வாழும் தமையனைச் சந்திக்கிறாள். மந்திரம் எனத் தேர்பவள் கைவேலையை அறியாதவள் அல்லள். அறிந்தும் வித்தை செய்தவரின் உள்ளத்தை மதிப்பவள். அறியாமையைப் போற்றுகிறது என்னும் குற்றச்சாட்டு எனவே நிற்காது. ஆயினும் ஐயுறுதலைக் கொலையோடு பிணைத்தது மிகை. ஐயமே ஏழு பகுதிகளாகப் படிப்பவரிடம் வளர்க்கப்பட்ட பண்பு. அதனை இறுதியில் நோயாகக் காட்டுதல் முரண்.

மூன்றாம் குறை முற்றும் பொருந்துவது. ஆசிரியர் தாக்கக் கருதியவர், இறந்தோரின் துயரைப் பொழுதுபோக்காக்கும் கூட்டத்தார். அக்கருத்து வலிமையுடையது. ரொக்கென்ஜிமா நிகழ்ச்சியைப் பற்றிக் கதைக்குள்ளேயே உலகோர் பேசும் வம்பு எஞ்ஜேயின் வாழ்வைச் சிதைக்கிறது. ஆனால் வம்புக்காரனையும் பரிவோடு ஆராய்ந்தவனையும் ஒரே ஆட்டுத்தலையால் மூடியது அநீதி. 'அன்பில்லாவிடில் காண இயலாது' என்பது இத்தொடர் மீளமீள வற்புறுத்தும் கருத்து. தன் வாசகரைக் காணும்போது படைப்பு அதனைக் கைவிட்டது.

நட்சுமி கெய் வரைந்த படக்கதை வடிவம் இம்மதிப்பீட்டிற்கு ஒரு புறச்சான்று. 2015-இல் நிறைவுற்ற அவ்வடிவத்தில் குற்றவாளியின் வாக்குமூலமும் கொலைமுறை விளக்கமும் வெளிப்படையாகவே இடம்பெற்றன. அதனைப் படித்தபின் மூலப் படைப்பின் இறுதியோடு இணக்கம் கொண்டோர் பலர். விடையை அறிந்தபின்னும் கதையின் துயரம் குறையவில்லை, மேலும் ஆழ்ந்தது. விடை கூறினால் மந்திரம் அழியும் என்னும் அச்சம் தேவையற்றது என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

உமினேகோவின் இறுதிப் பகுதி விடையை அறவே மறுத்த படைப்பு அன்று. உரைக்கும் பொறுப்பை மறுத்த படைப்பு. குறிப்பால் உணர்ந்தோர்க்கு அது நிறைவு தந்தது. உணராதோரை அது பகைவராக்கியது. இறந்தவரைப் பற்றிய உண்மை யாருக்கு உரியது என்னும் அதன் வினா துப்பறியும் கதை மரபு பெரிதும் எழுப்பாத ஒன்று. அதனை எழுப்பியமைக்காகவே இப்பகுதி நிலைபெறத் தக்கது. எனினும் எச்சத்தை நிறைவு செய்யும் கேட்போரின்றி எச்சம் இல்லை. அக்கேட்போரை மதியாத இடத்தில் இப்படைப்பு தன் கொள்கைக்கே குறைவு தேடிக்கொண்டது.