கிராதிக்கு அந்தப் பக்கம்: அடைபட்ட மடங்களின் மரபும் அளவுகோலும்

எங்கள் குமாரலிங்கபுரத்துப் பக்கம் ஒரு பெண் கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள் என்றால் வீட்டில் அழுகையும் இருக்கும், பெருமையும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் டீச்சராக வருவாள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக நிற்பாள், வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போவாள் என்று அந்த அழுகைக்கு ஓர் ஆறுதலும் உண்டு. அடைபட்ட மடம் என்றால் அந்த ஆறுதலும் இல்லை. எங்கள் உறவில் ஒரு பெண் கார்மேல் மடத்துக்குப் போன அன்று அவள் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி கல்யாணத்துக்குக்கூட வரமாட்டாளாம்ல? அப்படி உள்ளயே இருந்து என்னதான்யா செய்வாக?" அத்தைக்கு அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

வீட்டை விட்டுப் போவது இந்த வானம் பார்த்த பூமிக்குப் புதிதல்ல. பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது, 1896இல் ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. தாய் அழகம்மாள் தேடிப்போய் அழுது கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. பின்னாளில், 1916இல், அந்தத் தாயே மகன் இருந்த மலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். இத்தாலியின் அசிசி நகரத்துக் கதையும் ஏறத்தாழ இதுவே. 1212ஆம் ஆண்டு குருத்து ஞாயிறு இரவில் வீட்டைவிட்டு வெளியேறிய கிளாராவின் பின்னால் அவருடைய தங்கை போனார்; காலம் சென்றபின் தாய் ஒர்த்தொலானாவும் மகளுடைய மடத்தில் வந்து சேர்ந்தார்.

ஆனால் நம் மரபில் துறவி என்றால் குகை, மலை, தனிமை என்றுதான் மனம் போகிறது. கத்தோலிக்கத் தியான மடம் அப்படியல்ல. தனித்திருக்க விரும்பிப் போகிற பெண் அங்கே ஒரு குடும்பத்துக்குள் போகிறாள். அவள் தேர்ந்தெடுக்காத பத்துப் பதினைந்து பேரோடு ஒரே கூரையின் கீழ், ஒரே பானைச் சோற்றைப் பங்கிட்டுச் சாகும்வரை இருக்கிறாள். எந்தச் சபை ஆனாலும் மடத்தின் தரத்தை நான் அளப்பது இந்த இடத்தில்தான். எத்தனை மணி நேரம் செபம், எத்தனை நாள் ஒருசந்தி என்பதெல்லாம் பிறகு.

இந்த மடங்களின் ஆன்மிகப் பள்ளிகளில் மூத்தது புனித ஆசீர்வாதப்பருடையது. 6ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய ஒழுங்குநூலுக்கு 73 அதிகாரங்கள். ஆண் துறவிகளுக்காக எழுதியதைப் பெண்களும் ஏற்று, இன்றுவரை அதன்படி வாழ்கிறார்கள். சேர வருகிறவரை எளிதில் உள்ளே விடாதே, நான்கைந்து நாள் வாசலில் நின்று தட்டட்டும் என்கிறது அந்த நூல். முக்கியமான காரியம் வந்தால் மடத்தார் அனைவரையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனென்றால் நல்லது எது என்பதைக் கடவுள் பல நேரம் இளையவருக்கே காட்டுகிறார் என்கிறது. மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பீடத்துப் பாத்திரங்களைப்போலப் பாவிக்கச் சொல்கிறது. மண்வெட்டியைக் கழுவாமல் மூலையில் போட்டால் அது செபத்தில் விழுந்த ஓட்டை என்று கருதுகிற ஆன்மிகம் இது. விவசாயம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிளாராவின் பள்ளிக்கு வறுமைதான் உயிர். திருத்தந்தையரிடம் எல்லாரும் சொத்தும் சலுகையும் கேட்ட காலத்தில், சொத்தே வேண்டாம் என்கிற உரிமையைக் கேட்டுப் போராடியவர் அவர். பெண்களுக்காக ஒரு பெண்ணே எழுதித் திருச்சபை ஏற்ற முதல் ஒழுங்குநூல் அவருடையது. 1253 ஆகஸ்ட் 9இல் ஒப்புதல் கிடைத்தது, ஆகஸ்ட் 11இல் அவர் இறந்தார். நோயில் படுத்த ஆண்டுகளில் கட்டிலிலேயே சாய்ந்து உட்கார்ந்து நூல் நூற்றார். அந்த நூலில் நெய்த பீடத்துணிகள் அசிசியைச் சுற்றியுள்ள ஏழைக் கோயில்களுக்குப் போயின. தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கிளாரம்மாளை இன்னும் நெருக்கமாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

கார்மேலுக்கு வருவோம். நம் பக்கத்துப் பெண்கள் அடைபட்ட மடம் என்று சொல்லும்போது பெரும்பாலும் நினைப்பது இதைத்தான். ஸ்பெயின் நாட்டு அவிலா தெரேசம்மாள் 1535இல் சேர்ந்த மனிதாவதார மடத்தில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைத்தொகுதி, கூடவே வேலைக்காரி. ஏழைப் பெண்களுக்குப் பொதுக் கூடம். வெளியே இருந்த குலப்பெருமை உள்ளேயும் அப்படியே குடியேறியிருந்தது. அதைப் பார்த்துச் சலித்துத்தான் 1562 ஆகஸ்ட் 24இல் புனித சூசையப்பர் பெயரில் ஒரு சின்ன மடத்தைத் திறந்தார். அங்கே முதலில் அவர் வைத்த எல்லை 13 பேர். பிறகு அது 21 ஆனது. ஒருவர் முகத்தை ஒருவர் தவிர்க்க முடியாத அளவு அது. மேட்டுக்குடிப் பட்டப்பெயர்களை வாசலோடு நிறுத்தினார். சீதனம் கொண்டுவர முடியாத பெண்ணையும், அழைத்தல் உண்மையாக இருந்தால், ஏற்றுக்கொண்டார். சாதியும் சீதனமும் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். அதனால் தெரேசம்மாளின் சீர்திருத்தத்தில் காட்சிகளையும் பரவசங்களையும்விட இந்த இரண்டு முடிவுகளை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மௌன செபம். நாளுக்கு இரண்டுமுறை எல்லாரும் கூடி உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் நேரம். அந்தச் சிரிப்பு நேரத்தையும் ஒழுங்கிலேயே எழுதிவைத்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கண்டு அவருக்கு அச்சம் இருந்தது. மனச்சோர்வு நோயோடு வருபவர்களைப் பற்றித் தம் 'அடித்தளங்கள்' நூலில் தனி அதிகாரமே எழுதினார். செபத்துக்கு முன் தம் பிள்ளைகளிடம் அவர் கேட்ட மூன்று: ஒருவர்மேல் ஒருவருக்கு அன்பு, பற்றறுத்தல், தாழ்ச்சி. அன்பை முதலில் வைத்தார்.

அந்த அன்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்டியவர் லிசியே நகரத்துக் குழந்தை இயேசுவின் தெரேசம்மாள். நம் ஊர்களில் 'சிறுமலர்' என்று பெயர்ப்பலகை தாங்கிய பள்ளிகளைப் பார்க்கிறோமே, அந்தச் சிறுமலர் இவர்தான். 1888 ஏப்ரல் 9இல், 15 வயதில், கார்மேலுக்குள் போனார். 1897 செப்டம்பர் 30இல், 24 வயதில், காசநோயில் இறந்தார். இடையில் மடத்தை விட்டு வெளியே போகவில்லை. உடன்பிறந்த அக்காமார் இருவர் முன்பே அங்கு இருந்தார்கள், மூன்றாமவர் பின்னால் வந்து சேர்ந்தார். வீட்டுப்பாசம் ஒரு தனிக்கூட்டமாகிவிடும் ஆபத்தைத் தெரிந்து விலகி நடந்தார். நடக்க முடியாத, எதைச் செய்தாலும் குறை சொல்கிற ஒரு வயதான சகோதரியைச் சாப்பாட்டறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகும் வேலையைத் தானே கேட்டு வாங்கினார். துணி துவைக்கும்போது எதிரே இருந்தவர் அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிட்டார், செபநேரத்தில் பின்னால் இருந்தவர் ஓயாமல் ஒரு சத்தம் எழுப்பினார். இரண்டையும் எரிச்சல்படாமல் எப்படித் தாங்கினார் என்பதைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த எந்தப் பெண்ணும் இந்தப் பக்கங்களை வாசித்தால் அது தன் வீடு என்பாள். மடத்தை விட்டு நகராத இவரைத்தான் 1927இல் திருச்சபை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது.

இந்த மரபு நம் பக்கம் நேற்று வந்ததல்ல. புதுச்சேரியில் 1748இலேயே உள்ளூர்ப் பெண்களுக்கான கார்மேல் மடம் தொடங்கியது. மங்களூருக்கு 1870இல் பிரான்சின் போ நகரத்திலிருந்து கார்மேல் சகோதரிகள் கப்பலில் வந்தார்கள். சிலர் மங்களூரைப் பார்க்காமலே வழியில் இறந்தார்கள். அந்தக் குழுவில் கலிலேயாவில் பிறந்த மரியம் பவார்தி என்ற இளம் சகோதரி இருந்தார். அவர் 1871 நவம்பரில் மங்களூரிலேயே வார்த்தைப்பாடு கொடுத்தார். அவருடைய பரவசங்களைப் பற்றிச் சந்தேகம் எழுந்து 1872இல் பிரான்சுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். முணுமுணுக்காமல் போய், மூன்றாண்டுகளில் பெத்லகேமில் ஒரு கார்மேல் எழுவதற்கு உழைத்தார். 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார். காட்சி கண்டதை அல்ல, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டபோது அவர் நடந்துகொண்ட விதத்தை நான் அவருடைய புனிதத்துக்குச் சாட்சியாகக் கொள்வேன்.

யாழ்ப்பாணத்துத் தோலகட்டி தனியாகச் சொல்லத் தகுந்தது. மறைபரப்பு நாடுகளில் தியானத் துறவு வேரூன்ற வேண்டும் என்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1926இல் எழுதினார். இரண்டே ஆண்டில், 1928 பிப்ரவரி 2இல், அமலமரித் தியாகிகள் சபையின் தாமஸ் அடிகளார் அங்கே செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட செடியல்ல, தமிழ் மண்ணில் முளைத்த தியான சபை. முதலில் ஆண்களுக்கு, பிறகு பெண்களுக்கும். செபமாலையும் கைவேலையும் அவர்களுடைய வாழ்வு. அவர்கள் காய்ச்சும் நெல்லி ரசம் யாழ்ப்பாண வீடுகளில் பெயர்பெற்றது. குளித்தலைக்கருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950 மார்ச் 21இல் பிரெஞ்சுக் குருக்களான மோன்ஷனாவும் லெ சோவும் தொடங்கிய சச்சிதானந்த ஆசிரமம் இன்னொரு வழி. அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் திருவண்ணாமலையில் ரமணரைத் தரிசித்திருந்தார்கள். திருச்சுழிப் பிள்ளையின் மௌனம் காவிரிக்கரைக் கிறித்தவ ஆசிரமம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதில் இந்த வட்டாரத்துக்காரனான எனக்குச் சந்தோஷம் உண்டு.

சரி, அத்தையின் கேள்விக்கு வருகிறேன். உள்ளே என்ன செய்வார்கள்? விடியுமுன் மணி அடிக்கும். திருப்புகழ்மாலையின் பகுதிகளைக் காலையிலிருந்து இரவுவரை பிரித்துப் பாடுவார்கள். இடையில் வேலை. பூசை உடுப்பு தைப்பது, மெழுகுவர்த்தி, தோட்டம், நற்கருணை அப்பம் சுடுவது. கோதுமை மாவும் தண்ணீரும் தவிர அப்பத்தில் எதுவும் சேரக் கூடாது. இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவே மாவை ஊற்றிச் சுட்டு, ஈரப்பதம் ஏற்றி, வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். காய்ந்தால் உடையும், நனைந்தால் வெட்டுப்படாது. சாப்பிடும்போது ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் பேசாமல் கேட்பார்கள். நோயாளியைப் பார்ப்பதும், வயதானவரைக் குளிப்பாட்டுவதும், இறந்தவரை அடக்குவதும் அவர்களே. வெளியாரின் செப விண்ணப்பங்கள் வாசலருகே சுழலும் மரப்பெட்டி வழியாக உள்ளே போகும். கடன் தீராதவர், பிள்ளை இல்லாதவர், மழை வேண்டுகிறவர் எல்லாருடைய பெயரும் அன்றைய செபத்தில் இருக்கும்.

ஒரே நாளில் யாரும் அடைபட்டுவிடுவதில்லை. 2018இல் உரோமை வெளியிட்ட விதிகளின்படி, விருப்பநிலை ஓராண்டு, அதற்கடுத்த பயிற்சி ஓராண்டு, நவதுறவு இரண்டாண்டு, தற்காலிக வார்த்தைப்பாடு ஐந்தாண்டு. ஆக ஒன்பது ஆண்டுக்குக் குறையாமல் கழிந்தபின்தான் நித்திய வார்த்தைப்பாடு. மடம் பெண்ணைச் சோதிக்கிறது, பெண்ணும் மடத்தைச் சோதிக்கலாம். திரும்பி வருவது அவமானம் அல்ல. அப்படி வந்த பெண்ணை ஊர் வாயில் போட்டு மெல்லுவதுதான் அவமானம். அழைத்தல் உண்டா என்று பார்ப்பதற்கான அடையாளங்களும் எளிமையானவை: நன்றாகத் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, சிரிக்கிறாளா, சொன்னால் கேட்கிறாளா, கேட்ட பிறகு மனத்தில் வைத்துப் புழுங்காமல் இருக்கிறாளா. முறிந்த காதலுக்கு மருந்தாகவும், வரதட்சணைக்கு வழியில்லாத வீட்டுக்கு மாற்றாகவும் மடத்தைத் தேடுவது அந்தப் பெண்ணுக்கும் மடத்துக்கும் செய்கிற அநியாயம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் பல மடங்கள் முதியவர்களோடு காலியாகிக்கொண்டு வருகின்றன. நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஐந்து பேராகக் குறைந்தால் மடம் தன் தலைவியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை இழந்துவிடும். இந்த நெருக்கடியில் நம் பக்கத்து இளம்பெண்களைத் தேடி ஆள் வருகிறார்கள். ஒரு மடம் மூடிப்போகாமல் காப்பதற்காக மட்டும் வேறு நாட்டிலிருந்து பெண்களைச் சேர்ப்பதை முற்றிலும் தவிர்க்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் தெளிவாக எழுதினார். மொழி தெரியாமல், சிரிப்பு நேரத்தில் சிரிக்கவும் முடியாமல், முதியோரைத் தூக்கிக் குளிப்பாட்ட மட்டும் ஆளாகிற பெண்ணின் வாழ்வைத் தியான வாழ்வு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆகவே பெற்றோருக்கும் பங்குச்சாமிமாருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பெண் அடைபட்ட மடம் என்று சொன்னால் தடுக்காதீர்கள், அவசரமும் படாதீர்கள். முதலில் சில நாள் அங்கே தங்கி வரட்டும். அந்த மடத்தில் எத்தனை பேர், என்ன வயது, என்ன மொழி, என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள், சேர்ந்து உட்கார்ந்து சிரிக்கிறார்களா என்று நேரில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் மடத்துக்கு அனுப்பாதீர்கள். பதில் சொல்லும் மடம் பக்கத்தில் இருந்தால், உங்கள் பங்குக் கோயிலுக்கு வேண்டிய அப்பத்தையும் மெழுகுவர்த்தியையும் அவர்களிடமே வாங்குங்கள்.