‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு எங்கே இடம்?

நமது இலக்கியக் கூட்டங்களில் பாலியல் எழுத்துப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சபை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு சாரார் அதனை ஆபாசம் என்கின்றனர். மறு சாரார் அதுவே சுதந்திரம் என்கின்றனர். பதுளையிலும் பண்டாரவளையிலும் நான் கலந்துகொண்ட கூட்டங்களில் கொடுத்த தேநீர் ஆறிப்போகும் வரை இந்த வாதம் நடந்திருக்கிறது. ஆனால் இரு சாராரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: எழுத்தாளர் எவ்வளவு தூரம் வெளிப்படையாக எழுதலாம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாம் அதிக தூரம் போக முடியாது என்பது எனது எண்ணம். ஒரு கதையில் வரும் பெண் ‘மாட்டேன்’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு அக்கதையில் என்ன பெறுமதி இருக்கிறது, அவள் ‘சரி’ என்று சொல்வதற்காவது அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால், பல படைப்புகள் வேறு விதமாகத் தெரியத் தொடங்கும்.

இதனை விளக்குவதற்கு, நமக்குத் தூரமான, ஆனால் மனப்போக்கில் அவ்வளவு தூரமில்லாத ஒரு நாட்டை முதலில் பார்க்கலாம். இத்தாலி சமயப் பற்றுமிக்க நாடு. குடும்ப மானம் என்பது அங்கே, குறிப்பாகத் தென்பகுதிக் கிராமங்களில், உயிரைவிடப் பெரிதாகக் கருதப்பட்டது. 1930ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பாலியல் வன்முறையைப் பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றமாகவே வகைப்படுத்தியது. பாதிக்கப்பட்டவள் ஒரு பெண் என்பதைவிட, பங்கப்பட்டது ஊரின் ஒழுக்கம் என்பதே சட்டத்தின் பார்வை. வன்முறை செய்தவன் அவளையே மணந்துகொண்டால் குற்றம் இல்லாமற் போய்விடும். மானத்தின் பெயரால் மனைவியையோ மகளையோ சகோதரியையோ கொன்றவனுக்கு 3 முதல் 7 ஆண்டு வரையான சலுகைத் தண்டனை. மனைவி வேறொருவனுடன் உறவு கொண்டால் குற்றம்; கணவன் செய்தால், வைப்பாட்டியை வீட்டிலோ ஊரறியவோ வைத்திருந்தால் மட்டுமே குற்றம்.

இந்தச் சட்டத்தைக் கேலி செய்து பியத்ரோ ஜெர்மி 1961 இல் ‘இத்தாலிய பாணி விவாகரத்து’ என்ற படத்தை எடுத்தார். விவாகரத்து இல்லாத நாட்டில் மனைவியைக் கைகழுவுவதற்கு, அவளைச் சோரம் போகவைத்து மானக்கொலை செய்துவிட்டுக் குறைந்த தண்டனையோடு தப்பத் திட்டமிடும் ஒரு சிசிலியப் பிரபுவின் கதை அது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில், கவிஞரும் இயக்குநருமான பசோலினி ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு நாடு முழுவதும் சுற்றினார். வயற்காட்டிலும் கடற்கரையிலும் தொழிற்சாலை வாசலிலும் நின்று, பிள்ளை எங்கிருந்து வருகிறது, விவாகரத்து வேண்டுமா என்றெல்லாம் சாதாரண மக்களிடம் கேட்டார். ‘காதல் கூட்டங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1964 இல் வந்த அந்த ஆவணப்படத்தில், மக்கள் சொன்ன விடைகளுக்குச் சமமாக அவர்களுடைய தடுமாற்றமும் மௌனமும் பதிவாகியிருக்கின்றன.

ஆயினும் அந்நாட்டை உலுக்கியது ஒரு படமோ புத்தகமோ அல்ல. 1965ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், சிசிலியின் அல்கமோ என்ற ஊரில் பிரான்கா வியோலா என்ற விவசாயக் குடும்பத்து இளம்பெண் கடத்தப்பட்டு வன்முறைக்கு உள்ளானாள். ஊர் வழக்கப்படி கடத்தியவனையே அவள் மணந்திருக்க வேண்டும். அவள் மாட்டேன் என்றாள். தகப்பனும் மகளின் பக்கம் நின்றார். குடும்பத்தின் திராட்சைத் தோட்டம் எரிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 1966 இல் வழக்கு நடந்து குற்றவாளிகள் சிறைக்குப் போனார்கள்.

1968 இல் மனைவியை மட்டும் தண்டித்த சட்டப்பிரிவு விழுந்தது. 1970 இல் விவாகரத்துச் சட்டம் வந்தது. அதனை நீக்கக் கோரிய 1974ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 வீதமானோர் சட்டம் இருக்கட்டும் என்று வாக்களித்தனர். மணந்தால் குற்றம் போய்விடும் என்ற பிரிவும் மானக்கொலைச் சலுகையும் 1981 இல்தான் நீக்கப்பட்டன. பாலியல் வன்முறை ஒழுக்கத்துக்கு எதிரானது என்ற நிலை மாறி, ஓர் ஆளுக்கு எதிரான குற்றமாகச் சட்டத்தில் இடம் மாறியதோ 1996 இல். இத்தாலியத் திரையில் உடல் தாராளமாகத் தெரியத் தொடங்கி எத்தனையோ ஆண்டுகள் சென்ற பின்னர்தான் சட்டத்தில் அந்தப் பெண் ஓர் ஆளாகத் தெரிந்தாள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வெளிப்படையாகப் பேசுவது ஒன்று. பெண்ணின் சொல்லுக்குப் பெறுமதி வருவது வேறொன்று. முன்னது வந்துவிட்டால் பின்னதும் தானாக வந்துவிடும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை.

இதெல்லாம் ஐரோப்பியரின் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2015 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், பாலியல் வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசுவதற்கென இடைக்காலப் பிணை வழங்கினார். பலத்த கண்டனம் எழுந்தது. இத்தகைய சமரசத்துக்கு இடமில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியதைத் தொடர்ந்து அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அல்கமோ ஊர்ப் பஞ்சாயத்துக்கும் நமக்கும் இடையிலான தூரம் அவ்வளவுதான்.

இனி நமது மலைகளுக்கு வருவோம். ஹாலிஎல, தெமோதரை, பசறை, லுணுகலை என்று எந்தப் பக்கம் போனாலும் லயங்களைக் காணலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள்ளே தாத்தா பாட்டி, புருசன் பெண்சாதி, சமைந்த பிள்ளை, படிக்கிற பையன் எல்லோரும் படுத்தெழும்ப வேண்டும். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். தாம்பத்தியம் என்பது நான்கு சுவர்களுக்குள் நடப்பது என்று எழுதுகிறவர்கள், அந்த நான்கு சுவர்களுக்குள் வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்த்த ஓர் எழுத்தாளர் நமது மாவட்டத்துக்காரர். 1934 இல் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தமது பெயருடன் சேர்த்துக்கொண்டு, 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப். ‘மீன்கள்’ என்ற அவரது சிறுகதையைப் பலரும் வறுமைக் கதையாக வாசிக்கின்றனர். எனக்கு அது பாலியலைப் பற்றி மலையகத்தில் எழுதப்பட்ட மிக நேர்மையான கதைகளில் ஒன்றாகவே படுகிறது. வயது வந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் கிடக்கும் குடும்பத்தில், ஒரு தகப்பன் தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசும் நிலைமை எப்படி வருகிறது என்பதை அக்கதை காட்டுகிறது. ஆபாசம் என்று அதன் மீது எவரும் கல்லெறியவில்லை. எறிவதாயின் கல் காம்பராவைக் கட்டிய கம்பனியின் மீதுதான் விழும். ஆசை, கூச்சம், இரகசியம் ஆகிய யாவும் இடத்தோடும் கூலியோடும் சம்பந்தப்பட்டவை என்பதை எந்தப் பிரசங்கமும் செய்யாமல் உணர்த்தியது அவரது பெரும் சாதனை.

ஆனால் மலையகப் புனைகதைகளைப் பொதுவாக எடுத்துக்கொண்டால் ஒரு குறை உறுத்துகிறது. துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை என்ற அதிகாரப் படிக்கட்டில் ஒவ்வொரு படியிலும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் உடல் குறிவைக்கப்பட்டதை நமது எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அது எழுதப்பட வேண்டியதே. ஆயினும் அக்கதைகள் பலவற்றில் அந்தப் பெண் ஒரு சாட்சிப் பொருளாகவே வந்து போகிறாள். துரை கெட்டவன் என்பதற்கு அவள் சாட்சி. அவளுக்காகக் கொதிப்பது தகப்பன், அண்ணன், முறை மாப்பிள்ளை, தொழிற்சங்கத்துத் தலைவர். பங்கப்பட்டது லயத்தின் மானம். அவளுக்கு எதில் விருப்பம், எவனைப் பிடித்திருந்தது, கலியாணம் பேசும்போது அவளிடம் எவராவது கேட்டார்களா என்பதைக் கதை சொல்வதில்லை. துரையிடம் மாட்டேன் என்று சொல்லும் பெண்ணை நாம் வீராங்கனையாக்கினோம். முறை மாப்பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்லும் பெண்ணுக்கு நமது கதைகளில் இடம் மிகக் குறைவு. இத்தாலியச் சட்டக்கோவை செய்ததைத்தான், நல்லெண்ணத்தோடு, நமது புனைகதையும் செய்தது.

இந்த இடத்தில்தான் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ முக்கியத்துவம் பெறுகிறது. 2004 இல் அந்நாவல் வெளிவந்தபோது நம்மவர்களில் சிலர் அதனை வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடத் தயங்கினர். தமிழ்நாட்டில் குட்டி ரேவதி முதலான பெண் கவிஞர்கள் உடல் பற்றி எழுதியதற்காக வசைபாடப்பட்ட காலத்துக்கு அடுத்து வந்த நாவல் அது. அதில் பிர்தவ்ஸ் என்ற பெண் வருகிறாள். கட்டிவைத்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று முதலிரவிலேயே சொல்லிவிடுகிறாள். அதன் பிறகு அவளை அந்த வீடும் தெருவும் எப்படி நடத்துகின்றன, அவள் தேடிக்கொண்ட உறவுக்கு என்ன விலை கொடுக்கிறாள் என்பது நாவலின் முதுகெலும்பு. அவளை முடித்து வைப்பது துரையோ கங்காணியோ அல்ல. மானத்துக்கு அஞ்சிய தாயின் கைதான். அந்தப் பெண்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை; லயத்தைப்போல் இடநெருக்கடியும் இல்லை. அறைகள் இருந்தும் ஒரு பெண்ணின் மறுப்புக்கு அவற்றில் இடமில்லை. தெளிவத்தை ஜோசப்பின் ஒற்றைக் காம்பராவையும் சல்மாவின் பெரிய வீட்டையும் அருகருகே வைத்து வாசித்தால், சுவர்கள் கட்டிக் கொடுப்பதால் மட்டும் இந்தக் காரியம் முடிந்துவிடாது என்பது விளங்கும்.

நாவலில் குறைகள் உண்டு. பாத்திரங்கள் மிகுதி, உறவுமுறைகளை நினைவில் வைத்துக்கொள்ளவே வாசகருக்கு ஒரு தாள் தேவைப்படுகிறது. ஆண்கள் பெரும்பாலும் அதட்டுபவர்களாகவும் அலைபவர்களாகவுமே நின்றுவிடுகின்றனர். பிரான்காவின் தகப்பனைப் போன்ற ஒருவரை அந்தத் தெருவில் காணவில்லையே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. எனினும், பெண்கள் தமக்குள்ளே கிண்டலாகவும் கசப்பாகவும் பேசிக்கொள்ளும் பேச்சை ராபியா என்ற சிறுமி கேட்டுக் கேட்டு உலகத்தை அறிந்துகொள்ளும் பகுதிகள், நமது எழுத்தில் அதற்கு முன்னர் இல்லாத செல்வம்.

நமது நாட்டில் இப்படிப் பேசியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் 2012 இல் பீபீசி தமிழோசைக்கு அளித்த பேட்டியில், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குவது அப்பெண்களுக்குப் பாதுகாப்பளிக்கும் என்று ஒரு கருத்தைச் சொன்னார். அக்கருத்தை மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. மறுத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். ஆனால் மிரட்டல்கள் வந்தன, அவர் நடத்திய கல்வி நிலையம் தாக்கப்பட்டது, அவர் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. 2015 இல் அவர் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டதாகப் பொய்ச் செய்தியே பரப்பப்பட்டது. ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொன்னவர்கள் ஒரு பெண்ணின் மீதான வன்முறையைக் கற்பனை செய்து மகிழ்ந்தார்கள் என்றால், அங்கே காக்கப்பட்டது எது?

சட்டத்தையும் சற்றுப் பார்க்கலாம். 1995 இல் நமது தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சம்மத வயது 12 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் 12 வயதைக் கடந்த மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு விதிவிலக்கும் கூடவே வைக்கப்பட்டது. பொதுத் திருமணச் சட்டத்தின்படி திருமண வயது 18 ஆனது அதே ஆண்டில். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ குறைந்தபட்ச வயது எதனையும் விதிக்கவில்லை. 12 வயதுக்குக் கீழென்றால் காதியாரின் அனுமதி வேண்டும் என்றது. பதிவேட்டில் வலீயின் கைச்சாத்துப் போதும் என்றது. மணமகளின் சம்மதத்தை மார்க்கம் கேட்கிறது. சட்டம் வகுத்த தாளில் அவள் கையொப்பமிட ஓர் இடம் வைக்கப்படவில்லை. இதனைத் திருத்த 2009 இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு தனது அறிக்கையைக் கையளிக்கவே 2018 ஆகிவிட்டது. ஒரு கையொப்பத்துக்காக நடந்த அந்த நீண்ட வாதத்தைவிடப் பெரிய நாவற் பொருள் நமது எழுத்தாளர்களுக்கு வேறென்ன வேண்டும்? எழுதியவர்கள் மிகச் சிலரே.

நான் கிராமப் பாடசாலை ஆசிரியன். கலாசாலையில் எங்களுக்குப் பிள்ளை உளவியல் கற்பித்தார்கள்; பருவமடைந்த பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பது அதில் சில பக்கங்கள்தான். விஞ்ஞானப் பாடத்தில் மனித இனப்பெருக்கம் வரும்போது, வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் வழக்கம் பல பாடசாலைகளில் இருக்கிறது. லயத்துப் பிள்ளை அதனை எந்த வீட்டில், எந்த மூலையில் வாசிப்பது? 2015 க்குப் பின்னர் 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டத்தின்கீழ் சில குடும்பங்களுக்குத் தனி அறை கிடைத்திருக்கிறது. பெரும்பாலானோர் லயத்தில்தான் இருக்கின்றனர். வீட்டிலும் பள்ளியிலும் கேட்க முடியாததைப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்கின்றனர். அதிலே எல்லாம் வெளிப்படை. மாட்டேன் என்ற சொல் ஒன்றைத்தான் அது கற்றுக்கொடுப்பதில்லை.

ஆகவே விமர்சகர்களிடம் நான் வேண்டுவது இதுதான். ஒரு கதையோ கவிதையோ கைக்கு வரும்போது அதில் எத்தனை சொற்கள் கூசவைக்கின்றன என்று எண்ணிக்கொண்டிராதீர்கள். அதில் வரும் பெண்ணிடம் எவராவது கேட்டார்களா, அவள் சொன்ன விடை கதையின் போக்கை மாற்றியதா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் கண்ணியமான மொழியில் எழுதப்பட்ட பல படைப்புகள் தோற்றுப்போகலாம். நாம் மூடிவைத்த சில புத்தகங்கள் தேறிவிடலாம். எட்டாம் வகுப்பில் இன்று என் முன்னால் அமர்ந்திருக்கும் பெண் பிள்ளைகளுக்கு இன்னும் சில வருடங்களில் கலியாணம் பேசுவார்கள். அன்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தை அவர்களுடைய தகப்பன்மாருக்கு ஊட்டக்கூடிய கதைகள் நமக்கு வேண்டும்.