60 சதவீதம் கூடுது, சரி. எந்தப் பரப்புக்கு?

சூடான தட்டு மேல நேர்க்குத்தா காத்தை ஜெட்டாப் பாய்ச்சினா சூடு வேகமா இறங்கும். டர்பைன் பிளேடுக்கு உள்ளேயும் இதே வேலைதான் நடக்குது. தட்டுல குழி தோண்டியோ குட்டித் தூண்கள் நட்டோ இதை இன்னும் கூட்டலாம்னு நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வருது. பொழுதுபோக்கா இதையெல்லாம் படிக்கிற எனக்கு ஒரு குறை உண்டு. சுருக்கத்துலயே "இத்தனை சதவீதம் கூடியது"ன்னு பளிச்னு ஓர் எண் இருக்கும். எதோட ஒப்பிட்டாங்கன்னு தேடணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 4 செ.மீ.க்கு 4 செ.மீ. தட்டு, பரப்பு 16 சதுர செ.மீ. தூண்கள் நட்டதும் காத்து படுற பரப்பு 32 ஆகுதுன்னு வைப்போம். அதே வெப்பநிலை வித்தியாசத்துல வெளியேறும் வெப்பம் 60 சதவீதம் கூடுது. உண்மையான பரப்பால வகுத்தா 1.6 / 2 = 0.8. அதாவது ஒவ்வொரு சதுர செ.மீ.யும் சராசரியா 20 சதவீதம் மோசமா வேலை செய்யுது!

இது ஏமாத்து வேலை இல்லை. சிப்பைக் குளிர்விக்கிறவருக்கு இடமே அந்த 16தான். அவருக்கு 1.6 போதும். சிக்கல் காரணம் சொல்ற இடத்துல வருது. "கொந்தளிப்பு கூடியதால் கிடைத்த பலன்" என்று எழுதினால், இந்த 0.8 அதை மறுக்கிறது. இங்கே லாபம் பரப்பால் வந்தது.

அடுத்தது உயரம். வழவழப்பான தட்டுல, ஜெட் நேரா மோதுற புள்ளியில அதிகப் பலன் கிடைப்பது நாசில் விட்டத்தைப் போல சுமார் 6 மடங்கு தூரத்துல. அந்தத் தூரத்தைத் தூணின் உச்சியில இருந்து அளந்தாங்களா, அடியில இருந்தா? 5 மி.மீ. நாசில், 10 மி.மீ. இடைவெளி, 2 மி.மீ. தூண்னா விகிதம் 2-ஆ, 1.6-ஆ?

மூணாவது, காத்தைத் தள்ளும் செலவு. இதுல ஜெட்டுக்கு ஒரு நிஜமான சாதகம் இருக்கு. திறந்த வெளியில ஒத்தை ஜெட்னா அழுத்த இழப்பில் பெரும்பங்கு நாசில்லயே போயிடும். தட்டை எப்படிச் செதுக்கினாலும் செலவு பெரிசா ஏறாது. இவ்வளவு நல்ல வாதத்தை ஏன் முன்னால வைக்கிறதில்லையோ! ஆனா மூடிய இடத்துல வரிசையா ஜெட்டுகள் இருந்தா கதை வேற. மோதி முடிச்ச காத்து தூண்களுக்கு நடுவே நெளிஞ்சு வெளியேறணும். அங்கே அழுத்த இழப்பை அளந்து சொல்லாத சதவீதத்துக்கு மதிப்பில்லை.

1977-ல் ஹோல்கர் மார்ட்டின் எழுதிய மீளாய்வை இன்னும் எல்லாரும் எடுத்தாளக் காரணம், சூத்திரத்தோட அதன் எல்லையும் சேர்ந்தே இருப்பது: ரெய்னால்ட்ஸ் எண் 2,000 முதல் 4 லட்சம் வரை, தூரம் விட்டத்தைப் போல 2 முதல் 12 மடங்கு வரை. புதுக் கட்டுரைகளும் 1.6-ஐயும் 0.8-ஐயும் பக்கத்துப் பக்கத்துல அச்சிட்டா போதும். மிச்சத்தை வாசகரே கணக்குப் போட்டுக்குவார்.