ஆணி இல்லாத செருப்பு

சேத்துப்பட்டுக்குப் பக்கத்து ஆரணியில் தறிக்காரர் அறுந்த பட்டிழையை விரல் நுனியாலேயே கண்டுகொள்வார். அந்த உணர்ச்சிதான் தொழுநோயில் போய்விடுகிறது. காலில் முள் தைத்தாலும் தெரியாது. நடந்து நடந்தே புண் ஆழமாகும்.

அதற்காகப் பிறந்ததுதான் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு. சேத்துப்பட்டு புனித தாமஸ் தொழுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பாதம் படும் இடத்தில் காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். தரையில் படும் அடியில் கெட்டி ரப்பர். கழன்றாலும் கால் அறியாதே, அதனால் குதிகாலைச் சுற்றி ஒரு வார். ஆணி மட்டும் கிடையாது, பசையும் தையலும்தான்.

இதன் பின்னால் ஒரு தம்பதி. கொல்லிமலையில் மிஷனரிகளுக்கு மகனாய்ப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு வந்தார். அவர் தொழுநோயாளிகளின் கையையும் காலையும் பார்க்க, மனைவி மார்கரெட் இமைக்க மறந்த கண்களைப் பார்த்தார். அறுவை சிகிச்சை தெரிந்த அந்த மருத்துவர், செருப்புத் தைப்பவரோடு உட்கார்ந்து தோலையும் ரப்பரையும் பேசினார்.

வலி இல்லாத காலுக்காக யாரோ பட்ட கவலை, அந்தச் செருப்பு.