வரிசை கேட்கும் மரியாதை

மணியாச்சியிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் இப்போது எந்தக் கொடைக்குப் போனாலும், எந்த அசனத்துக்குப் போனாலும், பூசையோ ஆராதனையோ முடிந்த கையோடு ஒரு மேடை முளைக்கிறது. மேடையில் பத்துப் பன்னிரண்டு நாற்காலி, மேசை நிறையக் கேடயம், ‘தன்னலமற்ற தொண்டர்’ என்று பொன்னெழுத்து, ஆளுக்கொரு பொன்னாடை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்த சனம் ஒலிபெருக்கி ஓயும்வரை இலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கமிட்டியில் இருக்கும் இளைய நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றி முணுமுணுத்தேன். “பாராட்டுனாத்தான அண்ணாச்சி இளவட்டங்க வேலைக்கு வரும்?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். முப்பது வருஷம் மணியடித்த ஒரு கோயில்பிள்ளை எழுபது வயதில் மேடையேறி வேட்டி வாங்கியபோது கை நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கேலி பண்ணுகிறவன் மனுஷனில்லை. பெயர் சொல்லிப் போற்றுவதற்கும் நான் எதிரியல்ல. ‘வாஞ்சி மணியாச்சி’ என்ற ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டவரின் பெயர் அது. ஆனால் செத்தவர் அடுத்த வருஷம் வந்து முன்வரிசை நாற்காலி கேட்க மாட்டார்.

பல வருஷமாக நான் சொல்லிவருவது ஒன்றுதான். நன்றி வேறு, மரியாதை வேறு. நன்றியை எத்தனை பேருக்குப் பங்கு வைத்தாலும் குறையாது. மரியாதை அப்படியல்ல, அது வரிசை கேட்கும். முதலில் யார், அடுத்து யார், கடைசியில் யார் என்று தீராமல் நம் ஊரில் எந்த மரியாதையும் நடந்ததில்லை. பரிவட்டம், முதல் தீர்த்தம், முதல் வடம் எல்லாமே ஒரு காலத்தில் யாரோ செய்த வேலைக்குச் சொன்ன நன்றியாகத் தொடங்கியிருக்கலாம். குளம் வெட்டியவனுக்கு, தேருக்கு மரம் கொடுத்தவனுக்கு என்று. வேலை மறந்துபோய் வரிசை மட்டும் பேரனுக்கு வந்து சேர்ந்தது.

அந்த வரிசை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1895இல் கழுகுமலையில், தேரோடும் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு கொலையில் முடிந்தது. ஆழ்வார்திருநகரிக் கோயிலில் முதல் தீர்த்தம் யாருக்கு என்ற ஜீயர்களின் வழக்கு டெல்லிவரை போய், 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு பதவியோடு ஒட்டியிருந்தால்தான் மரியாதை உரிமையாகும், வெறும் மரியாதைக்காக மட்டும் சிவில் வழக்குப் போட முடியாது என்பது அதில் உறுதியான விதி. உத்தரணித் தண்ணீர் அத்தனை உயரம் ஏறிய தேசத்தில், பொன்னாடை மட்டும் வெறும் துணியாக இருந்துவிடும் என்று கமிட்டிக்காரர்கள் நம்புகிறார்கள்.

இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், முதல் வருஷம் எட்டுப் பேருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மறு வருஷம் பதினாலு. மூன்றாம் வருஷம் ஒரு வீட்டுக்காரர் பெயர் விட்டுப்போயிற்று. கொடைக்கு டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தவர் அவர்தான். யாரும் கேட்காமல் வருஷக்கணக்காக ஊற்றினார், யாரும் பாராட்டாததால் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பட்டியல் என்று ஒன்று வந்தபிறகுதான் தான் அதில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. நாலாம் வருஷம் ஊர் காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கியது. கரிசலில் தண்ணீர் விலை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இது நம் சனத்தின் குணக்கேடு, வேறெங்கும் இப்படி இல்லை என்பார்கள். கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போய்ப் பாருங்கள். 1568இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம் இன்னும் நிற்கிறது. யூதர்களின் சனிக்கிழமை வழிபாட்டு மரபில் ஒரு ஆசி உண்டு. விளக்குக்குக் கொடுப்பவர்கள், திராட்சரசம் கொடுப்பவர்கள், வழிப்போக்கருக்கு அப்பம் கொடுப்பவர்கள், சபைக் காரியங்களை உண்மையாகப் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் இறைவனே கூலி தரட்டும் என்பது அதன் சாரம். ஒரு பெயர்கூடக் கிடையாது. வாராவாரம் சொல்கிறார்கள், பெயர் விட்டுப்போயிற்று என்று சண்டைக்கு வர யாருக்கும் வழியில்லை. அதே வழிபாட்டில் மரியாதையும் உண்டு. தோரா வாசிப்புக்கு எழுந்துவர அழைக்கும்போது முதலில் குருகுலத்தார், அடுத்து லேவியர், பிறகு மற்றவர். அந்த வரிசை மட்டாஞ்சேரியில் என்ன ஆயிற்று? விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் தரையில் உட்கார வேண்டும், மற்றவர்களைப் போல வாசிப்புக்கு அழைக்கப்பட மாட்டார்கள் என்று ஆயிற்று. அந்த வகுப்பில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சாலம் (1882–1967) தன் சொந்தச் சபைக்குள்ளேயே சத்தியாகிரகம் பண்ண வேண்டியிருந்தது. சனம் அதேதான், கூடம் அதேதான். நன்றி ஒருவரையும் வெளியே தள்ளவில்லை, மரியாதை தள்ளியது.

நமக்கும் பெயரில்லாத நன்றி தெரியாததல்ல. சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடியபோது தனித்தனி அடியார்களோடு நிறுத்தவில்லை. ஒன்பது கூட்டங்களையும் சேர்த்தார். பத்தராய்ப் பணிவார் அதில் ஒரு கூட்டம். காலத்தாலும் இடத்தாலும் தனக்கு எட்டாதவர்களுக்கு ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’ என்று ஓர் இடம். விட்டுப்போனவர்களுக்கென்றே ஒரு பெயர் வைத்த பட்டியல் அது. அப்பர் சிலைக்குக்கூடக் கையில் உழவாரத்தைத்தான் கொடுத்தார்கள், கேடயத்தை அல்ல.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைக்கூட நான் மன்னித்துவிடுவேன். ஒரு பூசணிக்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பவர் காசு கொடுத்துத்தான் பெயரை வாங்குகிறார் என்பது பந்தலில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். யூதர்களிலும் பல சபைகள் வழிபாட்டு மரியாதைகளை ஏலம் விட்டதுண்டு. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கேடயத்தில் அது இல்லை. பந்தல் செலவை ஏற்றுக்கொண்டவரும் பந்தக்கால் நட்டவரும் ஒரே மேடையில் ‘தொண்டர்’ ஆகிறார்கள், முதல் பொன்னாடை யாருக்கு என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

இளவட்டங்கள் வருவார்களாம். எனக்குத் தெரிந்து இளவட்டங்கள் கோயில் வேலைக்கு வந்தது கூட்டாளிகளுக்காக, கொட்டுக்காக, ராத்திரி முழிப்புக்காக, விடியக்காலம் அண்டாவடியில் கிடைக்கும் காந்தல் சோற்றுக்காக. கேடயத்துக்காக வந்தவன் கேடயம் வாங்கியதும் போய்விட்டான். விதிவிலக்கு இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

போன அசனத்தில் ஒலிபெருக்கி பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது கோயிலுக்குப் பின்னால் போனேன். வேப்பமரத்தடியில் நாலைந்து பெண்கள் சாம்பலும் தேங்காய் நாருமாக அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் வீடுவீடாக இரவல் வாங்கிய பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. மூத்தவளிடம், உங்களை மேடைக்குக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன். அவள் தலை நிமிரவில்லை.

“இருட்டுறதுக்குள்ள அவங்கவங்க வீட்டுல சேர்க்கணும் தம்பி. பேரு வெட்டுனத யாரும் பிரிச்சிருவாங்க. பேரு வெட்டாதது யாருதுன்னு எங்களுக்குத்தான் தெரியும்.”