மூன்றாவது வரி

சமூக ஊடகப் பக்கங்களில் பெயருக்குக் கீழே எழுதப்படும் தன்குறிப்பை ஓர் இலக்கிய வகையாகவே நான் வாசிக்கிறேன். அதிலும் மென்பொருள் துறையினரின் தன்குறிப்புக்கு ஏறக்குறைய ஒரு யாப்பே உண்டு. முதல் வரி வேலை: பேக்எண்ட் டெவலப்பர், இத்தனை ஆண்டு அனுபவம். இரண்டாவது வரி பொழுதுபோக்கு: பைக், ஃபில்டர் காபி, இளையராஜா. மூன்றாவது வரி ஒரு பொறுப்புத் துறப்பு: இங்கே சொல்லப்படுபவை என் சொந்தக் கருத்துகள், என் நிறுவனத்துடையவை அல்ல.

கோவையில் கணினி அறிவியல் படிக்கும் பெண்களுக்கு முதற்பகுதித் தமிழ் நடத்துகிறவள் நான். அவர்களில் பலர் இன்று சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சி டைடல் பார்க்கிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பக்கங்களையும் அவர்களோடு வேலை பார்க்கும் ஆண்களின் பக்கங்களையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. பெண்களிடம் முதல் வரி இருக்கிறது. இரண்டாவது வரி பாதி இருக்கிறது. மூன்றாவது வரி பெரும்பாலும் இல்லை. கூச்சம், அடக்கம் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். நான் ஏற்கவில்லை.

தன்னைப் பற்றித் தானே சொல்வது தகுமா என்பது தமிழுக்குப் பழைய கேள்வி. எத்தனை துறைகளில் வல்லவனானாலும் தற்புகழ்ச்சி தகாது என்கிறது நன்னூல். உடனே நான்கு விலக்குகளையும் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவர்களிடையே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது. வேலைக்கு விண்ணப்பிப்பவர், நேர்காணலில் உட்காருபவர், கூட்டத்தில் தன் வடிவமைப்புக்காக வாதாடுபவர், மட்டம்தட்டப்படுபவர் என்று இந்த நான்கையும் இன்றைய அலுவலகத்துக்கு அப்படியே பொருத்தலாம். லிங்க்ட்இன்னில் தன் திறமையை எழுதும் பெண்ணுக்கு பவணந்தி முனிவரே அனுமதி கொடுத்துவிட்டார் என்று வகுப்பில் சொல்வேன். பெண்கள் சிரிப்பார்கள்.

ஒருவருக்குச் சிறப்புப்பாயிரம் எழுதத் தகுந்தவர்கள் யார் என்றும் அதே நூல் சொல்கிறது: ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார் உடன் கற்றவர் என்பது மரபு. அந்தப் பட்டியலில் தகப்பன் இல்லை, கணவன் இல்லை, மாமா இல்லை. ஆனால் என் மாணவிகளின் தன்குறிப்பைத் திருத்துகிறவர்கள் இவர்கள்தான். ஜாதகம் வெளியே போகும் மாதத்தில் பயண ஒளிப்படங்கள் மறைகின்றன. நிச்சயதார்த்தம் முடிந்ததும் பக்கமே பூட்டிக்கொள்கிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அதன் பயனாக நமக்கு மிஞ்சியது தலைப்பெழுத்தும் பெயரும். அமெரிக்கப் படிவமோ கடைசிப் பெயரைக் கேட்கிறது. தலைப்பெழுத்தை விரித்துத் தகப்பன் பெயரை அங்கே போடுகிறோம். திருமணத்துக்குப் பின் அந்தக் கட்டத்தில் கணவன் பெயர் வருகிறது. ஆணுக்கு அந்தக் கட்டம் ஒருமுறை நிரப்பினால் தீர்ந்தது. கிட் என்ற கருவி ஒவ்வொரு நிரல் மாற்றத்தோடும் எழுதியவரின் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்த்துப் பதிந்துவைக்கும். பெயர் மாறிய பெண்ணின் உழைப்பு அங்கே இரண்டு பேருடைய உழைப்பாகத் தெரியும். ஒரு மாணவி இதைத் தவிர்க்க வெறும் இரண்டு எழுத்துகளைத் தன் பெயராக வைத்துக்கொண்டாள். கணினிக்கான முதல் நிரல் என்று பலர் கருதும் குறிப்புகளை 1843இல் வெளியிட்ட அடா லவ்லேஸ், ஏ.ஏ.எல். என்ற எழுத்துகளைத்தான் கையொப்பமாக இட்டார் என்று அவளிடம் சொன்னேன். "அப்போ இத்தனை வருசமாகியும் அங்கேயேதான் நிக்கிறமா மேடம்?" என்றாள்.

முகமும் அப்படித்தான். அகப்பாடலில் தலைவிக்குப் பெயர் சுட்டக்கூடாது என்பது மரபு. பெயர் இல்லாததால்தான் அவள் எல்லாப் பெண்ணுமாகிறாள் என்று பாடம் நடத்துகிறேன். 2019இல் பொள்ளாச்சி வெளிச்சத்துக்கு வந்தபோது பெயரின்மைக்கு வேறு பொருள் வந்தது. ஃபேஸ்புக்கில் நட்பாகப் பழகிப் பெண்களைச் சிக்கவைத்த கூட்டம் அது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் துறையே வெளியிட்டது. அந்த ஆண்டு என் வகுப்புப் பெண்களின் முகப்புப் படங்கள் ஒவ்வொன்றாக மாறின: மல்லிகைப் பூ, மருதமலை, யாரோ ஒரு குழந்தை. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முகங்கள் எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை.

பொழுதுபோக்கு என்ற இரண்டாவது வரியாவது சிக்கலற்றது என்று நினைத்திருந்தேன். இப்போது ஐ.டி. பெண்கள் பலர் வள்ளி கும்மி பழகுகிறார்கள். ஒரே நிறப் புடவையில், வட்டமாக, சலங்கை கட்டி ஆடும் காணொளிகளைப் பகிர்கிறார்கள். வாரம் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்த உடம்பு ஆடுவதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கும்மி மேடை ஒன்றில், சொந்தச் சாதியிலேயே மணம் முடிப்போம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்கவைத்த காணொளியும் இதே கொங்கு மண்ணிலிருந்துதான் பரவியது. தப்பட்டை பழகும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் அதைத் தன்குறிப்பில் எழுதுவதில்லை. எழுதினால் அலுவலகத்தில் அடுத்து என்ன கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். கும்மியை ஒருத்தி எழுதலாம், தப்பட்டையை இன்னொருத்தி எழுத முடியாது என்றால் அந்த வரி சாதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி மூன்றாவது வரி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய மாணவி தன் பக்கத்தில் நான்கு வாக்கியம் எழுதினாள். இரவு நேர ரிலீஸ் முடிந்து திரும்பும் கேப் வண்டியில் கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருக்கக்கூடாது. வழித்தடத்தைப் போடும்போதே இதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் சாரம். நிறுவனத்தின் பெயரைக்கூட அவள் எழுதவில்லை. மறுநாள் டீம் லீட் கூப்பிட்டு நீக்கச் சொன்னார். ஆனால் அவருக்கு முன்பே ஊரிலிருந்து மாமாவின் போன் வந்துவிட்டது. "ஏன் அம்முணி, வேலைக்குப் போனமா வந்தமான்னு இருக்கோணும். நடுராத்திரி வண்டில வர்றதையெல்லாம் ஊரு பாக்க எழுதோணுமா? நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?" அவள் நீக்கிவிட்டாள்.

என் சொந்தக் கருத்து என்ற வரியை ஓர் ஆண் எழுதும்போது தன் வாக்கிலிருந்து ஒரே ஓர் உரிமையாளரைத்தான் விலக்குகிறான், அது கம்பெனி. அவளோ அப்பா, மாமா, இன்னும் வராத மாப்பிள்ளை, சாதி, ஊர் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். அத்தனை பேரையும் விலக்க அந்தக் கட்டத்தில் இடம் போதாது. அதனால்தான் அவள் எழுதாமல் விடுகிறாள். அந்த வெற்றிடத்தை அடக்கம் என்று வாசிப்பது தவறான உரை.

இதை எழுதும்போது என் தன்குறிப்பையும் திறந்து பார்த்தேன். கவிஞர், பேராசிரியர் என்று இருக்கிறது. என் முதல் தொகுப்பு வந்தபோது கல்லூரியில் யாருக்கும் தெரியக்கூடாதென்று புனைபெயரில் வெளியிட்டேன். உடம்பைப் பற்றிய கவிதைகள் அதில் இருந்தன. இன்றும் அந்தப் பெயர் என் பக்கத்தில் இல்லை. மாணவிகளுக்கு நன்னூலின் நான்கு இடங்களைக் காட்டிக்கொடுத்த நான், அந்த ஓரிடத்தில் அவர்களைப் போலவே ஒதுங்கி நிற்கிறேன்.

கேப் வண்டியைப் பற்றி எழுதியவள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். வழித்தடம் மாறியதா என்று கேட்டேன். மாறியதாம், அந்த நான்கு வாக்கியத்தை நீக்குவதற்குள் நாற்பது பெண்கள் படம்பிடித்து வைத்திருந்தார்களாம். அதை அவர்கள் நேரே மேலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். யாருடைய கருத்து இது என்று கேட்டபோது நாற்பது பேரும் என்னுடையது என்றார்களாம்.